எத்தனை காப்புரிமை வேண்டும்?

கேள்வி: கோவையில் பம்பு தயாரிக்கும் சிறு தொழிற்கூடம் நடத்துகிறேன். மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் புதுவகை சீல், அதை வார்க்கும் முறை, பம்பின் புதிய வெளித்தோற்றம் ஆகியவற்றை எங்கள் போர்மேனுடன் சேர்ந்து உருவாக்கியுள்ளேன். பத்துக் காப்புரிமையாவது (பேட்டன்ட்) இருந்தால்தான் நிறுவனத்துக்கு மதிப்பு என்கிறார் நண்பர். அடுத்த மாதம் ஒரு கண்காட்சியில் பம்பை வைக்கப்போகிறோம். என்ன செய்யலாம்?
– வாசகர், கோவை

பதில்: கண்காட்சிக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டுமே சட்டத்தில் விலக்கு உண்டு. மற்ற இடங்களில் காட்டிவிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடக்கூடும். கண்டுபிடிப்பை விளக்கும் முழு விவரக்குறிப்பு தயாராக இல்லையென்றால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழுமையானதைக் கொடுக்கலாம். சிறு நிறுவனங்களுக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான்.

நண்பரின் கணக்கை நான் ஏற்கவில்லை. காப்புரிமையின் பலம் எண்ணிக்கையில் இல்லை, கிளெய்ம் எனப்படும் உரிமைக்கோரலின் சொற்களில் இருக்கிறது. இரட்டை ஸ்பார்க் பிளக் எஞ்சினுக்காகப் பஜாஜ் நிறுவனம் டிவிஎஸ்ஸின் ஃபிளேம் பைக்கை எதிர்த்த வழக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பஜாஜின் உரிமைக்கோரல் சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட எஞ்சினைச் சொன்னது. ஃபிளேமில் மூன்று வால்வு. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி விதித்த இடைக்காலத் தடையை 2009இல் அதே நீதிமன்றத்தின் அமர்வு நீக்கியது. அந்த வால்வுக் கணக்கு வழக்கின் முக்கிய வாதங்களில் ஒன்று. ஆகவே உங்கள் சீலை, அது எந்த ரப்பரால் ஆனது என்பதோடு நிறுத்தாமல், போட்டியாளர் எப்படியெல்லாம் மாற்றிச் செய்யக்கூடும் என்று யோசித்து எழுதச் சொல்லுங்கள். நல்ல பேட்டன்ட் ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

வார்க்கும் முறை வேறு கதை. விண்ணப்பம் 18 மாதங்களில் வெளியிடப்பட்டுவிடும். பம்பைப் பிரித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முறையென்றால் அதைத் தொழில் ரகசியமாகவே வைத்திருப்பது மேல். வெளித்தோற்றத்துக்கு வேண்டியது காப்புரிமையல்ல, வடிவமைப்புப் பதிவு. அதையும் கண்காட்சிக்கு முன்பே செய்ய வேண்டும். முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. சீலைப் பின்னர் மேம்படுத்தினால் கூடுதல் காப்புரிமை கேட்கலாம். அதற்குத் தனிப் புதுப்பிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் மூலக் காப்புரிமையின் 20 ஆண்டுக் காலத்தோடு அதுவும் முடிந்துவிடும்.

போர்மேனும் உருவாக்கியவர் என்கிறீர்கள். அவர் பெயரையும் கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிட்டு, உரிமையை நிறுவனத்துக்கு மாற்றும் ஒப்பந்தத்தை இப்போதே எழுதி வாங்குங்கள். நாளை முதலீட்டாளரோ வங்கியோ முதலில் கேட்கும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: விண்ணப்பித்ததும் பெட்டியில் ‘காப்புரிமை பெற்றது’ என்று அச்சிடலாமா?

பதில்: கூடாது. அது பொய்யான விளம்பரமாகி, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம். ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று போட்டுக்கொள்ளுங்கள்.