சீனாவா, அமெரிக்காவா, கத்தாரா? மூன்று பட்டியல், மூன்று முதலிடம்

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, எந்த நாடு அதிகக் கார்பனை வெளியிடுகிறது என்று மாணவர்கள் ஒரு விளக்கப்படம் செய்கிறார்கள். ஒரு பட்டியலில் சீனா முதலிடம், இன்னொன்றில் அமெரிக்கா, வேறொன்றில் கத்தார். எதைப் போடுவது?

பதில்: இடமிருந்தால் மூன்றையும் போடச் சொல்லுங்கள். மூன்றிலும் தப்பில்லை.

சீனா முதலில் வருவது ஒரு வருடக் கணக்கில். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றால் 2023-இல் உலகம் வெளியிட்ட கரியமில வாயு சுமார் 3,700 கோடி டன். அதில் சீனா ஏறத்தாழ 1,200 கோடி, அமெரிக்கா 490 கோடி. மூன்றாவதாக இந்தியா, 300 கோடிக்குச் சற்று மேல்.

இதை மட்டும் பார்த்துவிட்டு இந்தியாவைக் குறை சொல்வது, பதினாலு பேர் இருக்கும் வீட்டின் கரண்ட் பில்லையும் இரண்டு பேர் வீட்டுப் பில்லையும் அப்படியே பக்கத்தில் வைப்பது போலத்தான். தலைக்கு வகுத்தால் ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன், சீனருக்கு 8, அமெரிக்கருக்கு 14. உலகச் சராசரி 5-க்குக் கொஞ்சம் கீழே. கத்தாரில் 35 டன்னுக்கும் மேல். பாலைவனத்தில் ஏசி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஏற்றுமதிக்காக எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் தொழில். வெளிநாட்டில் எரியப்போகும் வாயுவைத் தயாரிக்கும் புகையும் அந்தச் சிறிய மக்கள்தொகையின் தலையில்தான் விழுகிறது. இத்தனைக்கும் உலக மொத்தத்தில் கத்தாரின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை.

அமெரிக்கா முதலில் வரும் பட்டியல் பழைய பாக்கியின் கணக்கு. கரியமில வாயு காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவதால், இன்றைய வெப்பத்தில் தாத்தா காலத்துப் புகைக்கும் பங்குண்டு. தொழிற்புரட்சி தொடங்கி இதுவரை சேர்ந்ததில் அமெரிக்காவுடையது ஏறக்குறைய கால் பங்கு. சீனா ஏழில் ஒரு பங்கு. இந்தியா 4 சதவீதத்துக்கும் கீழே. பிரிட்டனைப் பாருங்கள்: 1880 வரை உலகம் வெளியிட்ட மொத்தத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு நாட்டினுடையது. இன்றைய ஆண்டுக் கணக்கில் 1 சதவீதம்கூட இல்லை; கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் 2024 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். பருவநிலை மாநாடுகளில் சண்டை மூள்வது பெரும்பாலும் இந்தப் பாக்கியை வைத்துத்தான். படத்தில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு இதற்கே.

அப்புறம், மாணவர்கள் வழுக்கி விழும் இடம் அலகு. சில அட்டவணைகள் கார்பனை மட்டும் எடைபோடும், சில கரியமில வாயுவை. 1 டன் கார்பன் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு. இரண்டையும் கலந்துவிட்டால் படமே பொய்யாகிவிடும். மீத்தேனையும் காடழிப்பையும் சேர்த்த பட்டியல் என்றால் பிரேசிலும் இந்தோனேசியாவும் மேலே ஏறிவிடும். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஆண்டு, எந்த வாயு, காடு சேர்ந்ததா இல்லையா என்று சின்ன எழுத்திலாவது எழுதச் சொல்லுங்கள். நடுவர்கள் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.