மஞ்சப்பையில் என்ன அச்சடிப்பது?

கேள்வி: கிராஃபிக் டிசைன் படிக்கிறேன். அம்மா துணிப்பை தைக்கிறார். அதில் 'பூமியைக் காப்போம்' என்று அழகாக அச்சடித்துத் தந்தும் யாரும் கடைக்கு எடுத்துப் போவதில்லையே, ஏன்?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: வாசகத்தை விடுங்கள், முதலில் பையைப் பாருங்கள். ஐந்து கிலோ அரிசி தாங்குமா, கைப்பிடி தோளில் மாட்டும் நீளமா, மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்குமா? 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது எல்லோருக்கும் சட்டென்று புரிந்ததற்குக் காரணம், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக நம் வீட்டு ஆணியில் ஏற்கெனவே தொங்கிய பொருள் அது. அந்த மஞ்சளும், ஒரே நிறத்தில் பெரிய எழுத்தும்தான் டிசைன்! அதையே பிடித்துக்கொள்ளுங்கள், பொதுவான அறிவுரைக்குப் பதில் 'மீன் வாங்க', 'காய்க்கு மட்டும்' என்று பெரிதாகப் போடுங்கள், அந்தப் பை அந்த வேலைக்கென்றே வீட்டில் தங்கிவிடும்.

அப்புறம் மை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பிளாஸ்டிசால் மை என்றால் அது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் கலந்தது, துணிமேல் ரப்பர் மாதிரி படிந்து நிற்கும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (வாட்டர்-பேஸ்டு) மை கேளுங்கள், நூலுக்குள் இறங்கும்.

துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் (நெய்யாத) பையும் வேண்டவே வேண்டாம், அது பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்தான். ஓரத்தில் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், நான்-ஓவன் உருகி உருண்டையாகும். அம்மாவிடம் அந்த உருண்டையைக் காட்டுங்கள், இனி அவரே துணியைப் பார்த்து வாங்குவார்.