ஆமைக்கு மூப்பு உண்டா? கேள்வி பதில்

கேள்வி: ஓட்டில் உள்ள வளையங்களை எண்ணினால் வயது தெரிந்துவிடுமாமே?

பதில்: மரத்துக்குச் சொல்வதை ஆமைக்கும் சொல்லிவிட்டார்கள். வளர்ச்சி நின்று, மறுபடி தொடங்கும்போதெல்லாம் ஒரு வளையம் விழும். தீனி விட்டுவிட்டுக் கிடைத்தால் ஒரே வருடத்தில் இரண்டு கூட விழலாம். பருவம் எய்தியபின் வளையங்கள் தகட்டு ஓரத்தில் நெருக்கியடித்துக்கொள்ளும். கிழட்டு ஆமைக்கு ஓடு தேய்ந்து வழவழவென்று இருக்கும், எண்ண எதுவும் மிஞ்சாது. இறந்த கடலாமை என்றால் முன்துடுப்பின் மேல் எலும்பை மெல்லிய சீவலாக அறுத்துக் கோடுகளை எண்ணுவார்கள். அதிலும் உள்பக்கத்துப் பழைய கோடுகள் கரைந்துபோயிருக்கும். அவற்றைக் கணக்கிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: அத்வைதா 255 வயது வாழ்ந்தது நிஜமா?

பதில்: கொல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 2006இல் இறந்த ஆமை அது. அந்த வயதுக்கு உறுதியான ஆவணம் இல்லை. செயின்ட் ஹெலினா தீவில் வாழும் ஜோனதன் என்ற ஆமையின் கணக்கு இதைவிடத் திடமானது. 1882இல் வந்து இறங்கியபோதே முழு வளர்ச்சி. அப்போது குறைந்தது 50 வயது என்று வைத்துத்தான் பிறப்பு 1832 என்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் அவை மூப்படைவதே இல்லையா?

பதில்: ஜோனதனுக்குக் கண்புரையால் பார்வை போய்விட்டது, மோப்பமும் இல்லை. அது மூப்பு இல்லாமல் வேறென்ன? வேகம்தான் குறைவு. நமக்கு வயது ஏற ஏற அந்த வருடமே சாகும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். உயிரியல் பூங்காக்களில் வளரும் 52 ஆமை இனங்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், சுமார் முக்கால்வாசி இனங்களில் அந்த ஏற்றம் மிக மெதுவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. ஆனாலும் நோய், விபத்து எந்த வயதிலும் கொல்லும்.

கேள்வி: வீட்டுக்குள் வளர்க்கும் நில ஆமை ஏன் சீக்கிரம் போய்விடுகிறது?

பதில்: பெரும்பாலும் வெளிச்சமும் சூடும்தான் காரணம். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் புற ஊதா பி கதிர் ஏறக்குறைய இருக்காது. அது இல்லாமல் டி வைட்டமின் உருவாகாது, கால்சியம் உடலில் சேராது, ஓடு மெத்தென்றாகிவிடும். புற ஊதா குழல்விளக்கை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தாலும் கதிர் வீச்சு இறங்கியிருக்கும். வெயில் காயும் மூலையில் 32 முதல் 35 டிகிரி, எதிர் மூலையில் அதைவிடக் குளிர்ச்சி. பாஸ்பரஸைப் போல் இரு மடங்கு கால்சியம் உள்ள கீரை, புல் போடுங்கள்.

கேள்வி: ஓடு கூம்பு கூம்பாக எழும்புகிறதே?

பதில்: எல்லோரும் புரதத்தின் மேல் பழி போடுகிறார்கள். குட்டியாக இருக்கும்போது சுற்றியுள்ள காற்று வறண்டு கிடப்பதே முதல் காரணம். ஈரப் பாசி பரப்பிய மறைவிடம் ஒன்று வையுங்கள். எழும்பிய கூம்பு அமுங்காது. இனி வளரும் பகுதி சமமாக வரும்.