காலநிலை விஞ்ஞானிகளை நம்பலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் மேற்குக் கடற்கரையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். காலநிலை மாற்றத்தை எப்படி இவ்வளவு உறுதியாக எழுதுகிறீர்கள்? 2009இல் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல்கள் வெளியாகி, விஞ்ஞானிகள் கணக்கைத் திருத்தியது அம்பலமானதாக ஒரு காணொளி எங்கள் வாட்ஸப் குழுவில் சுற்றுகிறது. அமெரிக்க அதிபரே ஐ.நா.வில் இதை மோசடி என்று சொல்லிவிட்டார். ஒக்கி புயலில் எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. நாளைக்கு வரும் புயலைச் சொல்லத் தெரியாதவர்கள் 2100இல் நடக்கப்போவதைச் சொன்னால் எப்படி நம்புவது? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் என் தம்பி, எல்லாம் பணத்துக்காகத்தான் என்கிறான்.

சகாயம், வள்ளவிளை

அன்புள்ள சகாயம்,

ஒக்கியில் ஆட்களை இழந்த ஊரிலிருந்து வரும் சந்தேகத்தை, ஏசி அறையில் உட்கார்ந்து விவாதம் நடத்துகிறவர்களின் சந்தேகத்தோடு நான் சேர்க்கமாட்டேன். அதனால் முதலில் ஒக்கி. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் பகலுக்குள் புயலாகிவிட்டது. புயல் என்ற அறிவிப்பு வந்தபோது உங்கள் ஊர்ப் படகுகள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய்ப் பல நாள் ஆகியிருந்தன, அவ்வளவு தூரத்தில் இருந்தவர்களிடம் செய்தியைக் கொண்டுசேர்க்க வழியே வைத்திருக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது, அது ஆறவும் வேண்டாம். ஆனால் ஒரு புயல் எந்த மணிக்கு எங்கே திரும்பும் என்பது ஒரு கேள்வி, முப்பது வருடத்தில் கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பது வேறு கேள்வி. ஜூன் நாலாம் தேதி குளச்சலில் மழை உண்டா என்று யாரும் அடித்துச் சொல்லமுடியாது, ஆனாலும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையை நம்பித்தான் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கன்னிப்பூ நெல் விதைத்தார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தின் விஞ்ஞானிகள் 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1982 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், 2001க்கும் 2019க்கும் இடையில் அரபிக்கடலில் புயல்கள் 52 சதவீதம் கூடியிருக்கின்றன. உங்கள் ஆட்கள் தொழில் செய்யும் கடல் அது.

இனி அந்த மின்னஞ்சல்கள். 2009 நவம்பரில், கோபன்ஹேகனில் நடக்கவிருந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, கிழக்கு ஆங்லியா பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆய்வுப் பிரிவிலிருந்து ஆயிரக்கணக்கான கடிதங்களையும் கோப்புகளையும் திருடி இணையத்தில் போட்டார்கள். அதில் அந்தப் பிரிவின் விஞ்ஞானி ஃபில் ஜோன்ஸ் 1999இல் எழுதிய ஒரு கடிதத்தில் 'சரிவை மறைக்க' ஓர் உத்தியைக் கையாண்டதாக வருகிறது. காணொளிகளில் வருவது இந்த ஒரு வரிதான். சரிவு என்றதும் உலகத்தின் வெப்பம் குறைந்ததை மறைத்துவிட்டார்கள் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். விஷயம் அது இல்லை. வெப்பமானி இல்லாத பழைய நூற்றாண்டுகளின் வெப்பத்தை மர வளையங்களை வைத்துக் கணிக்கிறார்கள். வடக்குப் பகுதிகளில் சில மரங்களின் வளையங்கள் 1960க்கு அப்புறம் வெப்பமானியோடு ஒத்துப்போகவில்லை, வெப்பமானி ஏறும்போது வளையக் கணக்கு இறங்கியது. இந்த முரணை அதே பிரிவைச் சேர்ந்தவர்களே 1998இல் ஆய்விதழில் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். ஓர் அறிக்கையின் அட்டைப் படத்துக்காக ஜோன்ஸ் அந்தப் பகுதியை விட்டுவிட்டு வெப்பமானி அளவைச் சேர்த்தார், சேர்த்ததைப் படத்தில் விளக்கவில்லை. அது தவறு. விசாரித்த முயர் ரஸ்ஸல் குழுவும் அந்தப் படம் தவறான எண்ணத்தைத் தரும் என்றுதான் 2010இல் சொன்னது. தகவல் கேட்டவர்களிடம் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டதையும் அந்தக் குழு கண்டித்தது. ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு உட்பட விசாரித்த எவரும் தரவுகளில் மோசடி நடந்ததாகச் சொல்லவில்லை. திருட்டுக் கடிதங்கள் முதல் பக்கத்தில் வந்தன, விசாரணை முடிவுகளைப் பல பத்திரிகைகள் உள்பக்கத்தில் நாலு வரியோடு முடித்துக்கொண்டன. பதினைந்து வருடம் கழித்தும் உங்கள் குழுவுக்கு முதல் பாதி மட்டும் வந்துசேர்வது அதனால்தான்.

விஞ்ஞானிகள் தப்பே செய்யாதவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் காணாமல் போகலாம் என்று எழுதியது, அதற்குச் சரியான ஆதாரமே இல்லை. நம் நாட்டுப் பனியாற்று நிபுணர் வி.கே. ரெய்னா நிலைமை அப்படி இல்லை என்று அறிக்கை கொடுத்தபோது, குழுவின் தலைவர் பச்சோரி அதைப் பில்லிசூனிய விஞ்ஞானம் என்று ஏளனம் செய்தார். 2010 ஜனவரியில் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. எந்த எதிரியும் செய்யமுடியாத கெடுதலை அந்த ஏளனம் செய்தது என்றே நினைக்கிறேன்.

எனக்கு நம்பிக்கை தருவது எந்தத் தனி மனிதரின் நேர்மையும் அல்ல, சந்தேகப்பட்டவர்களும் அளந்து பார்த்தார்கள் என்பதுதான். ரிச்சர்ட் முல்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்த வெப்பநிலைக் கணக்குகளை நம்பாதவர். தனிக் குழு அமைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அதற்கு நிதி கொடுத்தது. 2012இல் வந்த முடிவு, 250 வருடத்தில் நிலப்பரப்பு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி சூடாகியிருக்கிறது, காரணம் மனிதர்கள். பணம் பேசும் என்கிற உங்கள் தம்பி இதை யோசிக்கவேண்டும். எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் கடைசியிலேயே உள்ளுக்குள் போட்ட கணிப்புகளை 2023இல் வெளி ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள், பெரும்பாலும் அப்படியே பலித்திருந்தன. அந்த நிறுவனம் வெளியில் பேசியதெல்லாம் 'இன்னும் உறுதியில்லை' என்றுதான். 2025 செப்டம்பரில் ஐ.நா.வில் டிரம்ப் மோசடி என்று பேசினாரே, அதற்கு இந்த மாதிரி ஒரு கணக்காவது காட்டினாரா?

இன்னொன்றும் சொல்லவேண்டும், நம் பக்கத்து ஊடகங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கடல் வீட்டுக்குள் ஏறினால் உடனே காலநிலை மாற்றம் என்று தலைப்பு போடுகிறார்கள். பாதி வீடு போய், அடுக்களைச் சுவரில் பாத்திர ஸ்டாண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்க, அதன் முன்னால் நின்ற ஒரு அம்மா என்னிடம் கையை நீட்டிக் காட்டியது பக்கத்து ஊரில் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய தூண்டில் வளைவை. ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் மணல் ஓட்டம் தடைபட்டு அடுத்த ஊரைக் கடல் தின்னும், இது கரையில் எல்லோருக்கும் தெரியும். கடல்மட்டம் உயர்வதும் உண்மை, ஆனால் அதைச் சொல்லி கல் கொட்டியவர்களைத் தப்பவிட்டால், அப்புறம் அந்த அம்மா விஞ்ஞானத்தை எதற்கு நம்பவேண்டும்?

திருடப்பட்ட கடிதங்கள், முயர் ரஸ்ஸல் அறிக்கை, முல்லர் குழுவின் பெர்க்லி எர்த் தரவுகள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறவர்தானே, அந்தத் தரவை இறக்கி அவரே ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கட்டும். என்ன வந்தாலும் எனக்கு எழுதச் சொல்லுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.