டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க்குல சின்ன பசங்களோட ஒரு நாள்ல என்ன பண்ணலாம்?

தாராளமா போங்க, அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல பராபூ ஊர் பக்கத்துலதான் இருக்கு, வண்டிக்கு பாஸ் கண்டிப்பா வேணும். அந்தக் காலத்துல பனியாறு கொண்டாந்து கொட்டுன மண்ணும் கல்லும் ரெண்டு பக்கமும் அடைச்சதாலதான் ஏரியே அங்க நிக்குது, சுத்தி 500 அடி உசரத்துக்கு குவார்ட்சைட் பாறை, பாக்கவே பிரமிப்பா இருக்கும். பெட்ரோல் போட் விடமாட்டாங்க, எலெக்ட்ரிக் மோட்டார் மட்டும்தான், அதனால கயாக் (துடுப்பு போட்டு ஓட்டுற சின்னப் படகு) ஓட்ட அவ்ளோ நிம்மதி, பசங்களுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு முதல்ல அதுல ஏத்துங்க. நடக்கணும்னா மேற்குக் கரையில டம்பிள்ட் ராக்ஸ் டிரெயில், தண்ணிய ஒட்டியே போகும், ஏத்தம் கம்மி. பேலன்ஸ்டு ராக் பாதை செங்குத்தான கல்லுப்படி, மழை பெஞ்சா வழுக்கும், கைக்குழந்தையோட வேண்டவே வேண்டாம். பீச்ல லைஃப்கார்டு கிடையாது, பெரியவங்க யாராச்சும் பசங்க கூடவே நில்லுங்க. கோடையில சனி ஞாயிறுன்னா பார்க்கிங் சீக்கிரம் ரொம்பிடும், காலைலயே போயிடுங்க.