எதற்கும் இருக்கட்டுமே! – சுமை குறைந்த வெளிநாட்டுப் பயணம்: கேள்வி-பதில்

இரண்டு மாதம், நான்கு நாடுகள், எந்த அவசரமும் இல்லாத பயணம். எத்தனை செட் உடை எடுத்துக்கொள்ளலாம்?

ஒரு வாரத்துக்கு எத்தனை வேண்டுமோ அத்தனைதான். பத்து நாள் போனாலும் அறுபது நாள் போனாலும் பை ஒன்றேதான். துவைக்கும் தடவைதான் கூடும். மேலாடை ஐந்து, பேன்ட் இரண்டு, உள்ளாடை ஆறு, மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று, மடித்தால் கைக்குள் அடங்கும் மழைக்கோட்டு ஒன்று. போட்டுக்கொண்டு கிளம்புவதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். இரண்டு பேன்ட்டும் ஐந்து மேலாடைக்கும் பொருந்துகிற நிறமாக இருக்கட்டும்.

துணியைப் பார்த்து எடுங்கள். பருத்தி உடம்புக்கு இதம்தான், ஆனால் தடித்த பருத்தி ஓர் இரவில் காயாது. பாலியெஸ்டர் சட்டென்று காயும், அதே வேகத்தில் வியர்வை நாற்றமும் பிடிக்கும். மெரினோ கம்பளி விலை அதிகம்; இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போட்டாலும் வாடை வராது. துவைத்த துணியை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, சேர்த்துச் சுருட்டி முறுக்கினால் பெருமளவு ஈரம் துண்டுக்குப் போய்விடும். காலையில் எடுத்து உடுத்தலாம். ஜீன்ஸ் இல்லாமல் முடியாது என்றால் அதைப் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள்.

ஓர் ஊரில் ஒரு வாரம் தங்குகிறவருக்கு இதெல்லாம் சுலபம். வாஷிங் மெஷின் உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் போதும். தினம் ஓர் ஊர் என்று ஓடுகிறவர்தான் ஈரத்துணியோடு ரயில் ஏறுவார். லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தில் 23 கிலோ பெட்டியை நான்காவது மாடிக்குத் தூக்கிய அன்றுதான் எனக்குப் புத்தி வந்தது. பெட்டியில் பாதிக்கு மேல் 'எதற்கும் இருக்கட்டுமே' என்று வைத்தவை. ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை.

கேபினில் 7 கிலோதான் அனுமதி என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

முதலில் காலிப் பையை எடை போடுங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி பல நேரம் தானே மூன்று கிலோ இருக்கும். துணியாலான முதுகுப்பை ஒன்றரை கிலோவுக்குள் முடியும். கனமான காலணியைக் காலிலும் கோட்டை உடம்பிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது குப்பிகள். விமானத்தைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி 2006-இல் பிரிட்டனில் பிடிபட்ட பிறகு வந்ததுதான் 100 மில்லி விதி: கைப்பையில் வரும் திரவக் குப்பி எதுவும் 100 மில்லியைத் தாண்டக்கூடாது. பற்பசையும் அதில் அடக்கம். புது ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் இப்போது தளர்த்தியிருக்கின்றன. அதை நம்பிப் பெரிய பாட்டில் வாங்கினால், திரும்பி வரும் நிலையத்தில் குப்பைத்தொட்டிக்குத் தானம் செய்ய நேரலாம். கட்டி சோப்பும் கட்டி ஷாம்பூவும் இந்த வழக்குக்கே வராதவை.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன்னில் போடக்கூடாது. அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு 100 வாட்-ஹவர் வரை என்றால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது ஏறத்தாழ 74 வாட்-ஹவர். விமானம் ஏறும் வாசலில் 'இடமில்லை' என்று பையை வாங்கி அடியில் போடப் போனால் பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட் மூன்றையும் உருவிக்கொண்டு கொடுங்கள்.

அம்மாவும் உடன் வருகிறார். அவருடைய மாத்திரை அட்டைகளே அரைப்பை ஆகின்றன. பிரித்து ஒரே டப்பாவில் போடலாமா?

வேண்டாம். நான் எதையும் குறைக்கச் சொல்கிறவன்தான், இதில் மட்டும் கைவைக்க மாட்டேன். பெயர் அச்சிட்ட அட்டையும் மருத்துவர் சீட்டும் இல்லாத மாத்திரை, சுங்க அதிகாரிக்கு வெறும் வெள்ளை வில்லை. சூடோஎஃபெட்ரின் என்ற மூக்கடைப்பு நீக்கும் பொருள் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன் என்ற அபின் வகைப் பொருள் கலந்த வலி மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வேண்டும். போகும் நாட்டின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இன்சுலின் இருந்தால் கைப்பையில் வையுங்கள். சரக்கறையில் உறைந்தால் வீணாகிவிடும். சோதனையில் முன்கூட்டியே சொன்னால் திரவ மருந்துக்கு 100 மில்லி கட்டுப்பாடு கிடையாது.

நான் மினிமலிசத்துக்கு, அதாவது குறைந்த பொருளோடு வாழ்வதற்கு, மாறிவிட்டேன். கணவர் ஒரு பழைய சார்ஜரைக்கூடத் தூக்கிப்போட விடமாட்டார். பயணத்திலும் இதே சண்டை.

அவர் சார்ஜரை விட்டுவிட்டு உங்கள் அலமாரியைப் பாருங்கள். அடுத்தவர் பொருளைக் கழிப்பதில் நமக்கு எப்போதும் தாராள மனசு! பயணத்துக்கு ஒரே ஒரு ஒப்பந்தம் போதும்: ஆளுக்கொரு பை, அவரவர் பை அவரவர் தோளில். அதற்குள் நான்கு சார்ஜர் வைத்தாலும் கேட்காதீர்கள். இரண்டாவது ரயில் நிலையப் படிக்கட்டு மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்கும்.

நினைவுப் பொருள்?

தட்டையாக இருந்தால் வாங்கலாம்.

செக்-இன்னில் போட்ட பெட்டி வந்து சேராவிட்டால்?

நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கவுன்டரில் புகார் எழுதி எண் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதமென்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமென்றால் 21 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு, அதனால் நகையையும் கேமராவையும் அதில் வைக்காதீர்கள். பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதை ஒரு படம் எடுத்து வைத்தால், என்னென்ன இருந்தது என்று கேட்கும்போது பதில் கையில் இருக்கும்.