உங்கள் 7 அயர்ன் எத்தனை கஜம்? டெல்டாக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கோல்ஃபில் பையில் 14 கிளப் (பந்தடிக்கும் மட்டை) வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அவற்றில் இரும்புத் தலை கொண்டவை அயர்ன். எண் கூடக் கூட முகம் அதிகம் சாய்ந்திருக்கும், தூரம் குறையும். எது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாமல் பதினான்கையும் சுமப்பது, மரக்காலின் அளவு தெரியாமல் நெல் அளக்கிற கதைதான். பயிற்சித் திடல் பக்கத்தில் இல்லாமல் வயலிலும் மொட்டை மாடியிலும் அடித்துப் பழகுகிறவர்களின் கேள்விகள் இவை. தூரமெல்லாம் கஜத்தில். ஒரு கஜம் 3 அடி. 100 கஜம் 91.44 மீட்டர்.

தஞ்சாவூர்: ஆறு மாசமா ஆடுறேன் சார். எந்த கிளப் எவ்வளவு போகுதுன்னு தெரியல. ஊர்ல எங்க வயல் இருக்கு, அதுல அளக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஏற்ற இறக்கம் இல்லாத தரை அளவெடுக்க ரொம்ப நல்லது. அது நம் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் காலம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் காலி என்று இறங்கிவிடாதீர்கள். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தெளித்த உளுந்தும் பயறும் தாளுக்கு அடியில் முளைத்திருக்கும். அதை எடுத்த பிறகு, சித்திரை வைகாசியில், குறுவைக்கு உழுவதற்கு முன்னால்தான் உண்மையில் இடம் காலி. அப்போதும் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்களா, பக்கத்து வயலில் ஆள் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 46 கிராம் பந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பும். ஆட்டின் தலையில் பட்டால் கீதாரிக்கு உங்களால் சமாதானம் சொல்ல முடியாது.

இடம் எவ்வளவு வேண்டும்? ஒரு மா 100 குழி, குழி 12 அடிக்கு 12 அடி. சதுரமான ஒரு மாவின் பக்கம் 120 அடி, அதாவது 40 கஜம். 7 அயர்னுக்கும் அதைவிடக் குறைந்த தூரம் போகிறவற்றுக்கும் ஐந்து மா வரிசையாக இருந்தால் 200 கஜம் கிடைக்கிறது, போதும். எல்லாவற்றையும்விட அதிக தூரம் அடிக்கிற டிரைவருக்கு ஏழெட்டு மா தேவை. அகலம் இரண்டு மாவுக்குக் குறையக் கூடாது. எந்த வயலும் சரியான சதுரம் இல்லை என்பதால் இந்தக் கணக்கு இடம் தேர்வு செய்ய மட்டும். அளவுக்கு டேப்தான்.

30 மீட்டர் டேப்பை முழுதாக மூன்று முறை பிடித்து, மேலே 1.44 மீட்டர் சேர்த்தால் 100 கஜம். அங்கே ஒரு மூங்கில் குச்சி. பிறகு 9.14 மீட்டருக்கு ஒரு குச்சியாக முன்னும் பின்னும், 70லிருந்து 180 வரை. உரச்சாக்கைக் கிழித்து நுனியில் கட்டினால் தூரத்திலிருந்தே தெரியும். 100, 150இல் மட்டும் வேறு நிறம். காலடி வைத்து அளக்காதீர்கள். அடியில் 5 சதவீதம் தப்பினால் 140 கஜத்தில் 7 கஜம் தப்பும். அது முக்கால் கிளப் வித்தியாசம். கைபேசியின் ஜிபிஎஸ்ஸும் திறந்த வெளியிலேயே நாலைந்து மீட்டர் முன்பின் காட்டும்.

பத்துப் பதினைந்து பந்து அடித்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, ஒரு கிளப்புக்கு 12 பந்து. ஒரு நாளில் நான்கு கிளப்புக்கு மேல் வேண்டாம். 60 பந்தைத் தாண்டினால் கை தளர்ந்து தூரம் குறையும். கடைசியில் அளந்த கிளப்பின் மேல் வீண்பழி விழும். முதல் நாள் பிட்சிங் வெட்ஜ் (9 அயர்னை விடச் சாய்வான, குறைந்த தூரத்துக்கான கிளப்), 9, 8, 7. மறுநாள் மற்றவை.

திருவாரூர்: களிமண் தரை, வெயிலில் கல்லு மாதிரி கிடக்கு. பந்து விழுந்து 30, 40 கஜம் ஓடுது. எங்கே நிக்குதோ அதைத்தானே கணக்குல எடுக்கணும்?

இல்லை. விழுந்த இடம்தான் கணக்கு. முன்னால் குளமோ மணல் குழியோ இருந்தால் அதைத் தாண்டுவது காற்றில் பறந்த தூரம்தான். உருண்ட தூரம் அங்கே உதவாது. காய்ந்த களியில் 40 கஜம் ஓடுகிற பந்து, தண்ணீர் பாய்ச்சிய கிரீனில் (துளையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) 4 கஜம் ஓடி நிற்கும். டிரைவருக்கு மட்டும் இரண்டையும் தனித்தனியாக எழுதிவையுங்கள்.

விழுந்த இடத்தை அடிக்கிறவர் சரியாகப் பார்க்க முடியாது. ஒருவர் குச்சி வரிசைக்குப் பக்கவாட்டில், குறைந்தது 50 கஜம் தள்ளி, ஒரு மரத்தின் மறைவில் நிற்கட்டும். அங்கிருந்து பார்த்தால் பந்து விழும்போது கைப்பிடி அளவு புழுதி எழும்பும். அது 130க்கும் 140க்கும் நடுவில் எங்கே என்று அவர் சொல்ல, நீங்கள் எழுத வேண்டியதுதான். ஆரஞ்சு நிறப் பந்து வாங்குங்கள். வெள்ளைப் பந்து வெடிப்புக்குள் இறங்கினால் அடுத்த உழவில்தான் வெளியே வரும்.

அந்தத் தரையில் பந்தை நேரடியாக வைத்தும் அடிக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும். தேங்காய் நார் மிதியடி, அதன் மேல் செயற்கைப் புல் துண்டு. இதிலும் ஒரு வஞ்சகம் உண்டு. கிளப் பந்துக்குப் பின்னால் பட்டாலும் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அனுப்பிவிடும். புல்தரையில் அதே அடி பாதி தூரம்கூடப் போகாது. ஒரு துண்டை மடித்துப் பந்துக்கு நான்கு விரற்கடை பின்னால் போடுங்கள். கிளப் துண்டைத் தொட்ட அடியை, அது எவ்வளவு நன்றாகப் போயிருந்தாலும், தப்படி என்றே குறியுங்கள்.

கும்பகோணம்: 7 அயர்ன்ல 12 பந்து அடிச்சேன் அண்ணே. 131, 134, 88, 129, 136, 133, 147, 130, 104, 135, 132, 128. என் தூரம் 147ன்னு வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், 12க்கு ஒரு தடவை சரியாக இருக்கும்.

வரிசைப்படுத்திப் பாருங்கள்: 88, 104, 128, 129, 130, 131, 132, 133, 134, 135, 136, 147. நடுவில் நிற்பவை 131, 132. உங்கள் 7 அயர்ன் 131 கஜம். மொத்தமாகக் கூட்டி 12ஆல் வகுத்தால் 127 வரும். ஆனால் அந்த இரண்டு தப்படிகள் சராசரியைக் கீழே இழுத்திருக்கின்றன. ஒழுங்காகப் பட்ட பந்து எதுவும் 127இல் விழவில்லையே. அதனால்தான் சராசரியை விட நடு எண்.

147ஐ நம்பி அந்தத் தூரத்துக்கு 7ஐ எடுத்தால் 11 பந்து பத்துக் கஜத்துக்கு மேல் குறைவாக விழும். பெரும்பாலான மைதானங்களில் மணல் குழியும் தண்ணீரும் கிரீனுக்கு முன்னால்தான் இருக்கும். புதிதாக ஆடுகிறவர்களின் பந்து கிரீனுக்குப் பின்னால் போவது அபூர்வம், முன்னால் விழுவதுதான் வாடிக்கை. காரணம் கை இல்லை, இந்த 147தான்.

எண்ணோடு பரப்பையும் எழுதுங்கள்: 131, பரப்பு 128–136, தப்படி 12க்கு 2. எட்டுக் கஜத்துக்குள் ஒன்பது பந்து விழுவது நல்ல அடி. பரப்பு 25 கஜமாக இருந்தால் கிளப் அளப்பதை நிறுத்திவிட்டு, பந்து முகத்தின் நடுவில் படுகிறதா என்று பாருங்கள். பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் ஒரு பொட்டு வைத்து அடித்தால் பட்ட இடத்தில் கறை ஒட்டியிருக்கும்.

மன்னார்குடி: 4, 5, 6 மூணு அயர்னும் ஒரே தூரம்தான் போகுது. கிளப் செட்ல குறையா?

செட்டில் குறை இல்லை. சாய்வு குறைந்த கிளப் பந்தை உயரே ஏற்ற வேகம் வேண்டும். அந்த வேகம் இல்லாதபோது பந்து தாழ்வாகக் கிளம்பி, பின்சுழற்சியும் குறைந்து, பறக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே இறங்கிவிடுகிறது. பலமாக வீசினால் சரியாகும் என்று முயன்றால் நடு முகம் தவறுவதுதான் மிச்சம். இரண்டு கிளப்புக்கு நடுவில் 5, 6 கஜம்கூட இடைவெளி இல்லையென்றால் நீளமானதைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்கு 5 ஹைபிரிட் (அயர்னும் வுட்டும் கலந்தது) அல்லது 7 வுட் (பருத்த தலை கொண்டது). அவற்றின் எடை அடியிலும் பின்னாலும் இருப்பதால் அதே வேகத்துக்குப் பந்து உயரமாக எழும்பும்.

மயிலாடுதுறை: பிட்சிங் வெட்ஜ் 110, சேண்ட் வெட்ஜ் 75. நடுவுல 90 கஜத்துக்கு என்ன செய்ய?

செட்டின் லாஃப்ட் கோணத்தை, அதாவது கிளப் முகத்தின் சாய்வைப் பாருங்கள். பழைய செட்களில் பிட்சிங் வெட்ஜ் 48 பாகை, 7 அயர்ன் 34, 35. இப்போது வரும் பல செட்களில் பிட்சிங் வெட்ஜ் 43, 44. 7 அயர்ன் 30க்கும் கீழே. தூரம் அதிகம் என்று விற்பதற்காக எண்ணை மாற்றாமல் கோணத்தை நிமிர்த்திவிட்டார்கள். சேண்ட் வெட்ஜ் மட்டும் பழைய 56லேயே நிற்கிறது. 12 பாகை ஓட்டைக்கு நடுவில் ஒரு 50 பாகை வெட்ஜ் வாங்கினால் முடிந்தது. 4 பாகைக்குச் சுமார் 10 கஜம் என்பது கணக்கு. நண்பரின் 7ஐ உங்கள் 7உடன் ஒப்பிட்டு மனம் வாடுவதற்கும் இதில் பதில் இருக்கிறது. அவருடையது உங்கள் 6ஆக இருக்கலாம்.

நாகப்பட்டினம்: காலைல 140 போற கிளப் சாயங்காலம் 120 கூட போகல.

எந்தப் பக்கம் பார்த்து அடித்தீர்கள்? கிழக்கு நோக்கி என்றால் மதியத்துக்கு மேல் கடற்காற்று முகத்தில். எதிர்க்காற்று மணிக்கு 16 கிலோமீட்டர் இருந்தால் தூரம் சுமார் 10 சதவீதம் குறையும். அதே காற்று முதுகில் இருந்தால் 5 சதவீதம்தான் கூடும். எதிர்க்காற்று கெடுப்பதில் பாதியைத்தான் பின்காற்று திருப்பித் தருகிறது. ஆகவே ஒரு பக்கம் 6, மறுபக்கம் 6 அடித்துச் சராசரி பார்த்தால் காற்று கழிந்துவிடும் என்பது தவறு. இலை அசையாத விடியலில், ஆறரை முதல் எட்டுக்குள் அளந்துவிடுங்கள். ஆடி மேல்காற்றில் அளவே எடுக்க வேண்டாம். அது காற்றில் அடித்துப் பழக நல்ல காலம்.

எதிர்க்காற்றில் பலமாக அடிக்காதீர்கள். பலம் கூடினால் சுழற்சி கூடும், பந்து மேலே எழும்பி அங்கேயே நிற்கும். ஒரு கிளப் பெரிதாக எடுத்து மெதுவாக வீசுங்கள்.

ஒரத்தநாடு: எனக்கு 7 அயர்ன் 95 கஜம்தான் வருது. வீட்டுக்காரர் 140. இது ரொம்பக் குறைவாங்க?

குறைவு இல்லைங்க. அமெரிக்காவின் பிஜிஏ டூர் ஆண்களுக்கு 7 அயர்ன் சராசரியாக 170 கஜத்துக்குச் சற்று மேல், எல்பிஜிஏ பெண்களுக்கு 140ஐ ஒட்டி. தொழிலாக ஆடுகிறவர்களிடமே 30 கஜ வித்தியாசம் இருக்கிறது. உங்களுக்கு முக்கியம் இடைவெளி. 95 என்றால் கிளப்புக்கு 5, 6 கஜம்தான் வித்தியாசம் வரும். அதற்கு எல்லா அயர்னும் எதற்கு? டிரைவர், 5 வுட், 7 வுட், 6 ஹைபிரிட், 7, 9, பிட்சிங் வெட்ஜ், சேண்ட் வெட்ஜ், கிரீனில் பந்தை உருட்டுகிற பட்டர். ஒன்பது கிளப், பையும் லேசு.

பாபநாசம்: மாடியில வலை கட்டி சின்ன ரேடார் கருவி வெச்சிருக்கேன். அது காட்டுற தூரத்தை நம்பலாமா?

பந்தின் வேகத்தை நம்பலாம். தூரம் அது பார்த்ததல்ல, கணக்குப் போட்டது. விலை குறைந்த கருவிகள் சுழற்சியை ஊகித்துக்கொள்கின்றன. அமைப்பில் கடல்மட்ட உயரம், வெப்பநிலை, பந்து வகை ஆகியவை நம் ஊருக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஏதாவது ஒரு கிளப்பை வயலில் டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். வயலில் 131, கருவியில் 138 என்றால் 5 சதவீதம் கூட்டிச் சொல்கிறது. நடுத்தர அயர்ன்களுக்கு அதே கழிவு. டிரைவரைத் தனியாகச் சரிபாருங்கள்.

திருத்துறைப்பூண்டி: பயிற்சித் திடல்ல தர்ற பந்துல அளந்தா சரியா வருமா?

வராது. 5லிருந்து 10 சதவீதம் குறையும், தேய்ந்த பந்து இன்னும் மோசம். ஆட்டத்தில் எந்தப் பந்தோ, அளவும் அதே வகையில். ஒரு டஜன் போதும், நடந்துபோய்ப் பொறுக்கலாம்.

சீர்காழி: 40, 50 கஜத்துக்கு முழு வீச்சு தேவையில்லையே. அதை எப்படி அளக்குறது?

கை இடுப்புயரம், நெஞ்சுயரம், முழுசு என்று மூன்று வீச்சு. எதிலும் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைக்கக் கூடாது. பின்னால் எடுக்கும் உயரம்தான் மாற வேண்டும். இரண்டு வெட்ஜ், மூன்று வீச்சு, ஆறு எண்கள். பாதி வீச்சு பாதி தூரம் தராது. நெஞ்சுயர வீச்சே முழுசில் முக்கால் பங்குக்கு வந்துவிடும். இதற்கு மூன்று மா வரிசையாக இருந்தால் போதும். வாய்க்கால் கரைப் புல்லில் அடித்தால் இன்னும் உசத்தி.

பட்டுக்கோட்டை: அடுத்த வாரம் கொடைக்கானல்ல ஆடப்போறோம். இங்க அளந்தது அங்க செல்லுமா?

அப்படியே செல்லாது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே, காற்று லேசு. 8 சதவீதம் கூட்டுங்கள். குளிர் அதில் மூன்று நாலு கஜத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். இங்கே 131 போன 7 அங்கே 138 வாக்கில். உண்மையில் தடுமாற வைப்பது மேடு பள்ளம்தான். அதை நம் தரை கற்றுத்தரவே இல்லை. கிரீன் எத்தனை கஜம் உயரத்தில் இருக்கிறதோ அத்தனை கஜம் கூட்டுங்கள், தாழ்வில் இருந்தால் கழியுங்கள். லேசர் கருவி மேடு பள்ளத்தையும் கணக்கிட்டுச் சொல்லும். ஆனால் போட்டி என்றால் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். 2019 விதிகள்படி தூரம் அளக்கலாம், ஏற்ற இறக்கம் அளக்கக் கூடாது. முதல் இரண்டு துளையில் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த 8 சதவீதத்தை ஆறாகவோ பத்தாகவோ மாற்றிக்கொள்ளுங்கள். காட்டெருமை குறுக்கே நின்றால் அது நகரும்வரை காத்திருங்கள். அதற்கு எந்தக் கிளப்பும் சரிவராது.